காரைக்காலில் இருந்து தெரியும் நம் மழை: படம் பார்த்தால் மட்டும் போதுமா?



ஐப்பசி பிறந்தால் போதும், நம் வட்ஸ்அப் குழுமங்களில் வண்ண வண்ணப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சுழி, அதற்குக் கீழே "யாழ்ப்பாணத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்தான்" என்று ஒரு குரல் பதிவு. அதைக் கேட்டுப் பொம்மைவெளியில் ஒரு உம்மா கட்டிலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துவார். அதே பதிவை ஐந்து சந்தியில் கேட்டவர், "போன கிழமையும் இதைத்தான் சொன்னார்கள்" என்று சிரிப்பார். மழை வந்த பிறகுதான் யார் சொன்னது சரி என்று பேசுவோம். வெள்ளம் வடிந்ததும் அந்தப் பேச்சும் வடிந்துவிடும்.

ராடார் படம் நல்ல விடயம். அதைப் பகிரும் வாலிபர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது நமக்குத் தருவது ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் மட்டுமே. அந்த நேரத்தில் யார் என்ன செய்வது என்று மழைக்கு முன்பே பேசி வைத்திருந்தால் அது பெரிய அவகாசம். பேசி வைக்காவிட்டால் அந்தப் படம் வெறும் வேடிக்கை. இந்தப் பதிவில் சொல்ல வருவது இவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

முதலில், ராடார் என்றால் என்ன?

ராடார் ஒரு நுண்ணலைத் துடிப்பை வெளியே அனுப்பும். அது மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு மழை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரியும். திரும்பி வந்த அலையின் பலத்தைக் கொண்டு மழை எவ்வளவு கனதி என்று தெரியும். டொப்ளர் ராடார் என்றால் இன்னொன்றும் தெரியும்: அந்தத் துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பது. அம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது அதன் சத்தம் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே விதிதான்.

படத்தின் ஓரத்தில் ஒரு வண்ண அளவுகோல் இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். 40 என்றால் ஏறக்குறைய மணித்தியாலத்துக்குப் 10, 12 மில்லிமீற்றர் மழை. 50 என்றால் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர். எண் பத்துக் கூடினால் மழை நான்கு மடங்காகிறது. ஆகவே மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் நிற வித்தியாசம் மட்டுமல்ல. வாய்க்கால் தாங்குமா, வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்ற வித்தியாசம் அது.

நாம் பகிரும் படங்களில் பல ராடார் படங்களே அல்ல

விண்டி செயலியைத் திறந்தவுடன் தெரிவது கணினியின் கணிப்பு. இனிமேல் இப்படி நடக்கலாம் என்று ஒரு மாதிரி சொல்வது. செய்மதிப் படம் காட்டுவது மேகத்தின் மேற்பரப்பு. மேகம் பெரிதாக இருந்தாலும் அதற்குக் கீழே மழை இல்லாமல் இருக்கலாம். ராடார் மட்டும்தான் இந்த நேரத்தில் எங்கே மழை நிற்கிறது என்று காட்டும். மூன்றுக்கும் பயன் உண்டு. மூன்று நாள் முன்னதாகத் திட்டமிடக் கணிப்பு, பெரிய தொகுதி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் செய்மதி, அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்கு ராடார். இவற்றைக் குழப்பிக்கொண்டால் "ராடாரில் சிவப்பாக இருந்தது, ஒரு துளியும் விழவில்லை" என்ற பேச்சு வரும்.

நேரத்தையும் பாருங்கள். சில படங்களில் யூ.டீ.சீ. நேரம் போட்டிருக்கும். நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். காலை 6.00 என்று போட்டிருந்தால் அது நமக்கு முற்பகல் 11.30. நேரம் வெட்டப்பட்ட படத்தைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அது போன வருடப் படமாகவும் இருக்கலாம்.

நம் மழையைப் பார்க்கும் கண் எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் ராடார் இல்லை. நாம் பார்ப்பது இந்திய வானிலைத் திணைக்களம் காரைக்காலில் வைத்திருக்கும் டொப்ளர் ராடார். நேர்கோட்டில் பார்த்தால் அது நமக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தூரம். படம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. தெற்கே கொங்கல மலையில் ஒன்று நிறுவப் பார்த்தார்கள், அது கைகூடவில்லை. பிறகு யப்பானின் நன்கொடையில் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடார் அமைக்க 2017இல் ஒப்பந்தம் ஆனது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனபோது அந்த இரண்டில் ஒன்றுகூட இயங்கவில்லை. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கையும் பாருங்கள். 1990 ஒக்டோபருக்குப் பிறகு நம்மில் பலர் இருபது வருடங்கள் வாழ்ந்த புத்தளம், யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அதாவது அங்கே ராடார் வந்த பிறகும் நமக்குக் கிட்டிய கண் காரைக்கால்தான். நாட்டுக்குப் புத்தளம் மிக அவசியம். ஆனால் "அது வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று யாழ்ப்பாணத்தில் நாம் காத்திருக்கக் காரணம் இல்லை.

காரைக்காலின் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பூமி உருண்டை, ராடார்க் கதிரோ கிட்டத்தட்ட நேராகப் போகிறது. நம் ஊருக்கு வரும்போது அது தரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்விடும். முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் உயரம். அதற்குக் கீழே நிற்கும் தாழ்ந்த மழை மேகம் படத்தில் மெல்லியதாகத் தெரியும், சிலவேளை தெரியவே தெரியாது. பழுதுபார்க்கும் நாட்களில் படமும் வராது. ஆகவே படத்தில் சிவப்பு இருந்தால் நம்புங்கள். சிவப்பு இல்லை என்பதற்காக வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று திணைக்களம் சொன்னால், நாவாந்துறையிலும் குருநகரிலும் எந்த ராடார் படத்தைக் காட்டியும் போகக்கூடாது. யாழ் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா அவர்கள் முகநூலில் நம் மொழியில் எழுதும் எதிர்வுகூறல்களையும் தொடர்ந்து வாசியுங்கள்.

இன்னொரு அனுபவம். 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. "கடந்துவிட்டது" என்று செய்தி வந்ததும் பலர் மூச்சு விட்டார்கள். ஆனால் அது மன்னார் வளைகுடாவில் போய் நின்றுகொண்டது, மழை விடவில்லை. சூறாவளி கரையேறிய நேரம் வேறு, நம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் நேரம் வேறு. அந்த இரண்டாவது நேரத்துக்குத்தான் ராடார் உதவும்.

படத்திலிருந்து முடிவுக்கு

வாடைக்காற்றுக் காலத்தில் நம் மழை பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குக் கடலிலிருந்து வருகிறது. வெற்றிலைக்கேணிக்கு வெளியே 60 கிலோமீற்றரில் நிற்கும் மழைக்கூட்டம் மணித்தியாலத்துக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் நமக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. அரை மணித்தியால இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இது.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன செய்வது? நமது யோசனை இது.

ஒன்று, ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேர் படம் பார்க்கப் பொறுப்பேற்கட்டும். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். உயர்தரத்தில் புவியியலோ பௌதிகவியலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கலாம், ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகள் இருவருக்கும்.

இரண்டு, குழுமத்தில் வானிலைச் செய்தி அந்த இருவரிடமிருந்து மட்டும் வரட்டும். நேரம் எழுதி, இரண்டே வரியில். மற்றவர்கள் பகிர்வதை நிறுத்துவோம். பத்துப் படம் வந்தால் பதினோராவதை யாரும் பார்ப்பதில்லை.

மூன்று, எந்த அளவுக்கு எந்த வேலை என்று இப்போதே தீர்மானிப்போம். 40ஐத் தாண்டிய மழை நம்மை நோக்கி வருகிறது என்றால் ஆவணங்கள், மருந்து, பாடப் புத்தகம் எல்லாம் மேலே போகட்டும், குடிநீரை நிரப்பி வைப்போம். 50ஐத் தாண்டிய மழை விடாமல் தொடர்ந்து வருகிறது என்றால் தாழ்ந்த வீடுகளில் உள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே நகர வேண்டும். யார் வீட்டுக்கு, யாருடைய முச்சக்கரவண்டியில் என்று பெயர் எழுதிய பட்டியல் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கிராம சேவையாளரிடமும் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கட்டும்.

ஆசிரியர்களாக எங்களுக்கு இருக்கும் கவலை

2024 நவம்பர் 26ஆம் திகதியை நம் சமூகம் மறக்காது. மோசமான காலநிலையில் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்களின் ஜனாஸாக்களை எடுத்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்களையே கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: மழை வரும்போது பிள்ளையை அனுப்புவதா, வைத்திருப்பதா?

2024, 2025 இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே காலநிலையால் இடைநிறுத்தப்பட்டது. நம் பாடசாலைகள் இயங்கும் காலமும் பெருமழைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வானம் இருட்டியதும் பெற்றோர் அழைக்கிறார்கள், "சேர், பிள்ளையை விடுங்கோ" என்கிறார்கள். அவர்களின் பயம் நியாயம். ஆனால் கடும் மழை இருபது நிமிடத்தில் வந்துவிடும் என்று படம் சொல்லும்போது பிள்ளைகளை வீதிக்கு விடுவது ஆபத்து. மாடி உள்ள பாடசாலையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் இருப்பது பாதுகாப்பு. மாறாக மழைக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது என்றால் உடனே, தூரத்துப் பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடலாம். இந்த முடிவை அதிபர் தனியே, நூறு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில் எடுக்க முடியாது. கல்வி வலயத்தின் அறிவுறுத்தலுக்கு உட்பட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முன்பே பேசி எழுதி வைக்க வேண்டும்.

ராடார் வாய்க்காலைக் காட்டாது

நம் நிலம் தட்டையானது. பெரிய ஆறு இல்லை. பெய்த தண்ணீர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போய்த்தான் கடலேரியில் சேர வேண்டும். 2009க்குப் பிறகு மீண்டு வந்த நம் குடும்பங்கள் பல பொம்மைவெளி போன்ற தாழ்ந்த இடங்களில்தான் வீடு கட்டின. வாய்க்காலில் பிளாஸ்ரிக் போத்தலும் கட்டட இடிபாடும் கிடந்தால், 40க்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும். மாநகரசபை செய்ய வேண்டியதை நாம் வலியுறுத்திக் கேட்போம். நம் வாசலுக்கு முன்னால் உள்ள மதகை நாமே துப்புரவாக்குவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இதெல்லாம் எதற்கு" என்று சொல்பவர்களும் உண்டு. மழையும் அவன் நாட்டம்தான், அதை இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் பார்க்கும் அறிவும் அவன் தந்ததுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் இருந்து பேசுவோம். படம் பார்க்கும் இரண்டு பெயர், நகர்த்த வேண்டிய வீடுகளின் பட்டியல், துப்புரவுக்கு ஒரு திகதி. இந்த மூன்றும் போதும். பக்கத்துத் தெருவில் உள்ள தமிழ் உறவுகளையும் அழைப்போம், வாய்க்கால் எல்லோருக்கும் ஒன்றுதான். படம் பார்க்கப் பழக விரும்பும் பிள்ளைகள் இருந்தால் கீழே கருத்தில் எழுதுங்கள். மாலையில் நேரம் ஒதுக்கிச் சொல்லித் தர எங்களில் சில ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.