முதல் ஆறு மாதம் கணக்குக் கேட்காதீர்கள்

திருவாடானை வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், அண்ணன் அண்ணிமாருக்கும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போன் எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்கும்,

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. கெக் லோக் சி என்கிற பெரிய பௌத்தக் கோயிலும் பினாங்கு மலைக்கு ஏறும் ரயிலும் இங்கேதான். ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்கிறேன். வந்து பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறது.

போன மாதம் நம் பக்கத்து அண்ணன் ஒருவர் பேசினார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறாராம். "போய் இறங்கின மாசமே அனுப்ப ஆரம்பிச்சிருவான்ல தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நான் கிளம்பியது 2014 செப்டம்பரில். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, இராத்திரி பஸ்ஸில் வந்து விடியற்காலை சுங்கை நிபோங் நிலையத்தில் நின்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்த நேரம் அது. இவ்வளவு தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே என்பதுதான் இந்த நாட்டைப் பற்றி எனக்கு முதலில் தோன்றிய நினைப்பு.

ஏஜெண்டு சொன்னது சமையல் மாஸ்டர் வேலை. கொடுத்தது பாத்திரம் கழுவும் தொட்டி. கடை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். மாடியில் ஒரே அறை, எட்டுப் பேர், இரண்டு ஷிப்ட். ஒருவன் எழுந்து போன பாயில் அடுத்தவன் படுக்க வேண்டும். பாயில் அவன் உடம்புச் சூடு அப்படியே இருக்கும். பகலில் தூங்கிப் பழகாதவனுக்கு அந்தச் சூட்டில் தூக்கம் எங்கிருந்து வரும்? சோப்புத் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. நடவுக்காலத்தில் அம்மாவின் காலில் சேற்றுப்புண் பார்த்திருக்கிறேன். அது கையில் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பாஷை அடுத்த இடி. பினாங்குக்குப் போனால் தமிழே போதும் என்றுதான் ஊரில் சொல்லி அனுப்பினார்கள். தமிழ் உண்டு. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் மலாய்க்காரர், சீனர்தான் நிறைய. ஆள் குறைந்த ஒரு நாள் என்னைச் சோறு போடும் இடத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் வந்து "குவா பஞ்சிர்" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு கரண்டி குழம்பை ஓரமாக ஊற்றிக் கொடுத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்துவிட்டார். பஞ்சிர் என்றால் வெள்ளம். நாசி கண்டார் என்கிற இந்த ஊர்க் குழம்புச் சோறு மூழ்குகிற மாதிரி எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அன்று இரவே பத்துக் காசுக் கணக்கு எழுதும் சின்ன நோட்டில் முதல் சொல்லாக அதை எழுதினேன். அடுத்து "தே ஓ ஐஸ் குராங் மானிஸ்". பாலில்லாத தேநீர், ஐஸ் போட்டு, சீனி குறைத்து. ஒரு நாளைக்கு இரண்டு சொல் என்று மூன்று மாதம் எழுதினேன். இப்போது கிளம்புகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த நோட்டு முதல் மாதச் சம்பளத்தைவிடப் பெரியது என்று சத்தியமாகச் சொல்வேன். எனக்கு அடுப்படி வேலை கிடைத்ததே அதனால்தான்.

இந்தக் கஷ்டமெல்லாம் உடம்போடு போய்விட்டது. என்னை உள்ளே அரித்தது வேறு.

ஏஜெண்டுக்குக் கொடுக்க 1,20,000 ரூபாய் வாங்கியிருந்தோம், மூன்று ரூபாய் வட்டிக்கு. மாதம் 3,600 வட்டி மட்டும். எனக்குச் சொன்ன சம்பளம் 1,100 வெள்ளி. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். முதல் மாதம் கையில் வந்தது 620. லெவி, மருத்துவச் சோதனை, அது இது என்று பிடித்துக்கொண்டார்கள். அரசுக்குக் கட்டும் லெவியை அந்தக் காலத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடிந்தது. முதலாளிதான் கட்ட வேண்டும் என்ற நிலை 2018 ஜனவரியில்தான் வந்தது. 500 வெள்ளி அனுப்பினேன். ஒரு வெள்ளி 19 ரூபாய் விற்ற நேரம். வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி, "இவ்வளவுதானா?"

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. வட்டிக்காரர் வாசலில் நின்றால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் உண்மை பேசுவதை நிறுத்திவிட்டேன். அக்டோபர் 22 தீபாவளி. கடை திறந்திருந்தது, தொட்டியில்தான் நின்றேன். இராத்திரி அம்மா பேசியபோது புதுச்சட்டை போட்டேன், கடையில் பிரியாணி போட்டார்கள், இன்று லீவு என்று அடுக்கினேன். "சந்தோசம்ப்பா" என்றார் அம்மா. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று. புதிதாக வந்தவனுக்குத் தனிமை வேலையிடத்தில் தொடங்குவதில்லை. வீட்டாரிடம் நடிக்கத் தொடங்கும் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

இங்கே பிறந்த தமிழர்கள் நம்மை "ஊர்க்காரன்" என்பார்கள். முதலில் காதில் குத்தும். காலைச் சந்தைக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா இருந்தார். ஷிப்ட் முடிந்து நான் போகும்போது தினமும் ஒரே கேள்வி: "பசியாறியாச்சா தம்பி?" மலேசியத் தமிழர்கள் காலை வணக்கம் சொல்கிற மாதிரி இதைக் கேட்பார்கள். தொண்டியில் நம் முஸ்லிம் வீடுகளிலும் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்றுதானே சொல்வார்கள். அந்தச் சொல்லை இத்தனை தூரத்தில் கேட்ட முதல் நாள் நான் பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். பதில் சொன்னால் குரல் உடைந்துவிடும். இரண்டு மாதத்தில், நான் சாப்பிட்டேனா என்று ஒருவர் கேட்டு அதன் பின்னால் பணக் கேள்வி வராமல் இருந்தது அன்றுதான்.

நவம்பர் கடைசியில் அரைநாள் ஓய்வு கிடைத்தது. கெக் லோக் சி கோயிலைத் தாண்டி மேலே போகும் ரோட்டில் நடந்தால் ஆயர் ஈத்தாம் அணை வரும். குடிதண்ணீருக்காகக் கட்டியது, சுற்றிலும் காடு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மழை பெய்து நிறைந்த ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயின் கரையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அங்கே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். பிரியாணி பொய், மாஸ்டர் வேலை பொய், கை வெடித்தது நிஜம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்கா அழவில்லை. "நீ ஆறு மாசத்துக்கு வட்டியை மட்டும் அனுப்பு. அசலைப் பத்தி இங்க யாரும் வாயெடுக்க மாட்டாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். சொன்னபடி மறுநாளே வட்டிக்காரர் வீட்டுக்கு நேரில் போய்த் தவணை பேசினாள். அன்று இரவு, இன்னொருவன் சூடு ஆறாத அதே பாயில், ஆறு மணி நேரம் தூங்கினேன். சம்பளம் ஒரு வெள்ளி கூடவில்லை, வேலை குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் இந்த நாட்டைக் கண்திறந்து பார்த்தேன். 2015 பிப்ரவரி 3 தைப்பூசம். அதற்கு முந்தின நாள் காலை, ஷிப்ட் முடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போனேன். ரதம் வருகிற வழியில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள், வழி நெடுகப் பந்தலில் சோறு போடுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்காமல் இலையை நீட்டினார் ஒருவர். இங்கே இருந்துவிடலாம் என்று அன்று நினைத்தேன்.

எங்கள் அறையில் இன்னொருவன் இருந்தான், வேறு மாவட்டத்துப் பையன். அவனுக்கு அப்படி ஒரு அக்கா வாய்க்கவில்லை. போன் வந்தாலே முகம் வெளுக்கும். வேறு இடத்தில் கூடச் சம்பளம் என்று யாரோ சொன்னதை நம்பிக் கடையை விட்டு ஓடினான். முதலாளியை விட்டு ஓடினால் பெர்மிட் செத்தது. ஐந்து வருஷம் ஒளிந்து வேலை பார்த்தான். இடையில் அவன் அப்பா இறந்தார், போக முடியவில்லை. 2019இல் மலேசிய அரசு, அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்கள் 700 வெள்ளி கட்டி நாடு திரும்பலாம் என்று அறிவித்தது. அதில்தான் ஊர் போய்ச் சேர்ந்தான். அவனை ஓடவைத்தது முதலாளி மட்டுமில்லை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

நம் முன்னோர் ஆள் அனுப்புவதை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இதே பினாங்குக்கு வந்தவர். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துக் கடலைக் கடந்து வந்தவர்களில் எத்தனையோ பேரை ஜெரேஜாக் தீவில் நோய்த்தடுப்புக்கென்று நிறுத்திவைத்துத்தான் ஊருக்குள் விட்டார்கள். எளிதான வாழ்க்கை என்று சொல்லவில்லை. தோட்டங்களில் கங்காணிக்குக் கீழே நம் ஜனங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். ஆனால் கடைவேலைக்கு வந்தவர்களுக்குப் போய் இறங்க ஒரு வாசல் இருந்தது. கடையநல்லூர்க்காரருக்குக் கடையநல்லூர்க்காரர் இருந்தார். நகரத்தாருக்குப் பினாங்கு வீதியில் கோயில் வீடு இருந்தது. செட்டியார் கடையை நடத்த வந்த ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிளம்பும்போதே முன்பணமாகக் கொடுத்தார்கள். வந்தவன் முதல் மாதமே வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. இன்றைக்கு நம் பிள்ளைக்கு முன்பணம் கிடையாது, கடன்தான் முன்னால் போகிறது. 2024 டிசம்பரிலிருந்து சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராகவே விமானம் இருக்கிறது. பயணம் சுருங்கிவிட்டது, போய்ச் சேர்ந்தவனைத் தாங்குகிற கை சுருங்கக்கூடாது.

அனுப்புகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாவது தேறாதவர் மலேசியாவுக்கு வேலைக்குக் கிளம்பினால் குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அரசிடம் பதிந்த ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. நான் கொடுத்தது எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நம்மவர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். அது சுற்றிப் பார்க்க மட்டும். வெளிநாட்டு ஆட்களுக்கான புதிய ஒதுக்கீட்டை மலேசிய அரசு அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்திவைத்தது. ஆகவே "இப்போ போ, பெர்மிட் அங்கே போட்டுக்கலாம்" என்று எவன் சொன்னாலும் அவன் உங்கள் பிள்ளையைச் சிறைக்கு அனுப்புகிறான்.

முறையாக வந்தவன் இறங்கின 30 நாளுக்குள் ஃபோமேமா மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். அதில் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசநோய் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது இந்நாட்டின் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து 1,700 வெள்ளி. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ விபத்துக் காப்பீடு உண்டு. சிக்கல் என்றால் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஊரில் படித்த பிள்ளைகள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவன் பையில் வையுங்கள்.

பணம் குறைந்தால் உடனே சந்தேகப்படாதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். நான் வந்தபோது 19 ரூபாய் இருந்த வெள்ளி, ஒரு வருஷத்தில் 16க்கும் கீழே போனது. எண்ணெய் விலை விழுந்ததும் ரிங்கிட்டும் கூடவே விழுந்தது. அதே 500 வெள்ளியைத்தான் அனுப்பினேன். "பையன் கெட்டுப்போயிட்டானா?" என்று ஒருவர் என் அப்பாவிடம் கேட்டாராம். அவர் இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, இந்தக் கணக்கை யாரும் அவருக்கு அன்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன மாதம் பேசிய அந்த அண்ணனுக்கும், இந்தத் தையில் பிள்ளையை அனுப்பப்போகும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மலேசியாவோ சிங்கப்பூரோ துபாயோ, அவன் எங்கே போனாலும் சரி. கடன் வாங்கும்போதே முதல் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் என்று பேசிவிட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவரை, அக்காவோ சித்தப்பாவோ, அவன் எதையும் சொல்லலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். அவன் முதல் தடவை போன் போடும்போது பசியாறியாச்சா என்று கேளுங்கள். பிறகு, எங்கே படுக்கிறாய், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பணத்தைப் பற்றி ஆடி மாதம் பேசிக்கொள்ளலாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து,
உங்கள் ஊர்ப்பிள்ளை.