மிருதங்கத்தை வகுப்பறைக்குள் விடுங்கள்

சர் சி.வி. ராமன் என்றதும் மாணவர்களுக்கு ஒளிதான் நினைவுக்கு வரும். 1930இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது அதுதானே. ஆனால் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1920இல், 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை மிருதங்கமும் தபலாவும் எழுப்பும் ஒலியைப் பற்றியது. திருச்சியில் பிறந்தவரின் இந்த ஆய்வு, நம் பள்ளி ஒலிப் பாடத்தில் நடுநாயகமாக இருக்க வேண்டியது.

இருப்பது வேறு. அதிர்வெண், அலைநீளம், வேகம் மூன்றில் இரண்டைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்கும் கணக்கு ஒன்று. எதிரொலிக்குக் குறைந்தது 17 மீட்டர் என்ற ஒரு மதிப்பெண் விடை ஒன்று. பல பள்ளிகளில் இசைக்கவை பீரோவை விட்டு வெளியே வருவதே இல்லை.

சாதாரணப் பறைத்தோலைத் தட்டினால் ஒரே ஒரு அதிர்வு எழுவதில்லை. பல அதிர்வுகள் ஒன்றாக எழுகின்றன. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்தவை ஏறத்தாழ 159, 214 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் அதில் ஓசை இருக்கும், தெளிவான சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ அவை 100, 200, 300 என்று வீணைத் தந்தியில் வருவதுபோலவே வரிசை கட்டுகின்றன. இந்த வித்தை நடுவில் அப்பியிருக்கும், 'சோறு' எனப்படும் கறுப்புப் பூச்சில் இருக்கிறது. அடிப்படை அதிர்வில்தான் தோலின் நடுப்பகுதி மிகுதியாக அசைகிறது. அங்கே எடை கூடினால் அந்த அதிர்வு நன்றாகத் தாழ்கிறது, மற்றவை அவ்வளவு தாழ்வதில்லை. 1.59 என்ற விகிதம் 2 ஆகிவிடுகிறது. தோலில் மெல்லிய மணலைத் தூவி, அசையாத கோடுகளில் அது ஒதுங்குவதைப் பார்த்து, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாகத் திரள்வதை 1934இல் ராமன் விரிவாக விளக்கினார்.

சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாக அப்பி, தேய்த்துத் தேய்த்துச் சுருதி பார்த்தவர்கள் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள். சமன்பாடு எழுதாமலே அவர்கள் தீர்த்த கணக்கைத்தான் ராமன் எழுதிக் காட்டினார். பாடநூலில் அவர்களுக்கும் ஒரு பத்தி தரலாம்; குறைந்துபோய்விடாது.

ஒலியின் வேகத்தை அளக்கவும் பெரிய கருவி வேண்டாம். நீளமான சுவருக்கு எதிரே 85 மீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொரு எதிரொலியும் அடுத்த கைத்தட்டலோடு சரியாகச் சேரும்படி தாளம் போட வேண்டும். ஒலி போய்வரும் தொலைவு 170 மீட்டர். இருபது இடைவெளிகளுக்குச் சுமார் பத்து வினாடி ஆனால், வேகம் வினாடிக்கு 340 மீட்டர். சித்திரை வெயிலில் 35 டிகிரிக்கு அது 350ஐத் தாண்டும். புத்தகத்தில் 0 டிகிரிக்குப் போட்டிருக்கும் 331 ஏன் நம் ஊரில் பொருந்தாது என்ற கேள்வி அங்கேயே பிறக்கும்.

மிருதங்கத்தில் அடிப்படை அதிர்வோடு எழும் மேற்சுரங்களைத் திரையில் காட்ட 'ஃபைபாக்ஸ்' போன்ற இலவசக் கைபேசிச் செயலிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு மிருதங்கம் வாங்க முடியாவிட்டால், ஊரில் வாசிப்பவர் ஒருவரை ஒரு மணி நேரம் அழைக்கலாம். பாடத்திட்டம் வகுப்பவர்கள் இந்த இரண்டு சோதனைகளையும் செய்முறை மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டும். மதிப்பெண் இல்லாததை நம் பள்ளிகள் செய்வதில்லை.