நஞ்சைப் பொறுக்கப் பழகும் உடல்

தேனீ, குளவி கொட்டி மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து மயங்கியவர்களுக்கு அதே நஞ்சைச் சிறுகச் சிறுக ஊசியாகப் போட்டு உடலைப் பழக்குகிறார்கள். ஒவ்வாமை மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகப் பலன் தரும் சிகிச்சை வேறு அதிகம் இல்லை. ஆனால் இங்கே வந்து சேர மருத்துவம் எடுத்துக்கொண்ட காலம் வேதனை தருகிறது.

1911-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பூச்சி ஒவ்வாமைக்கும் பிறகு அதே வழியில் போனார்கள். ஆனால் கொடுத்தது நஞ்சை அல்ல, பூச்சியை முழுசாக அரைத்த சாற்றை. பலர் அடுத்த முறை கொட்டு வாங்கியும் தப்பினார்கள். மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். எந்த மருந்தும் இல்லாமலே பலர் தப்பியிருப்பார்களா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நியூயார்க்கில் மருத்துவர் மேரி லவ்லெஸ் மட்டும் நம்பவில்லை. குளவிகளின் நஞ்சுப் பைகளைத் தன் கையாலேயே பிரித்தெடுத்து மருந்தாக்கினார். பலித்ததா என்று பார்க்க உயிருள்ள குளவியையே கொட்டவிட்டார். 1956-இல் அதைப் பிரசுரித்தும், அரைத்த சாறு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1978-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் முறையாக ஒப்பிட்டார்கள். வெற்று ஊசி போட்ட 12 பேரில் 7 பேருக்கும், அரைத்த சாறு போட்ட 11 பேரில் 7 பேருக்கும் கொட்டியதும் உடல் முழுக்க ஒவ்வாமை கிளம்பியது. நஞ்சு போட்ட 18 பேரில் ஒருவருக்குத்தான். லவ்லெஸ் சொன்னதை அன்றே சோதித்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் புலப்பட்டது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் ஆக்டிஸ், பிளேசர் குழு 1998-இல் காட்டியது இது: நஞ்சைக் கண்டதும் பொங்கியெழும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள், சிகிச்சைக்குப் பிறகு தாங்களே இன்டர்லூகின்-10 என்ற அடக்கும் புரதத்தைச் சுரந்து அடங்கிவிடுகின்றன. ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் பெருகி நஞ்சை முந்திப் பிடிக்கிறது. அடிக்கடி கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்போரிடமும் இதே மாற்றம் தெரிகிறது. பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே அவர்களுடைய டி செல்கள் அடக்கும் வேலைக்கு மாறுகின்றன. பருவம் முடிந்த இரண்டு மூன்று மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

அப்படியானால், மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு எப்படி நீடிக்கிறது? ஐஜிஜி4 இறங்கிவிடுகிறது. ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ எதிர்ப்பொருள் பலரிடம் முழுதாக மறைவதில்லை. இருந்தும் பத்தில் எட்டு ஒன்பது பேர் பல ஆண்டுகள் தப்புகிறார்கள். இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான், ஏனென்றால் யாருக்குப் பாதுகாப்பு நிலைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை.

தேனீ ஒவ்வாமைக்காரர்களுக்குப் பாதுகாப்பு குளவிக்காரர்களைவிடக் குறைவு. ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களை வெளியிடும் மாஸ்ட் செல்கள் மிகுந்துபோகும் மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளவர்கள் ஊசியை நிறுத்தியபின் இறந்ததும் உண்டு. அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தொடரச் சொல்கிறார்கள். ஐந்தாம் ஆண்டோடு கோப்பை மூடாமல், இந்த இரு பிரிவினரையும் இருபது முப்பது ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.