திறமை தானாக மேலே வராது

“படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்.” ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் கல்வித் துறையின் ஆய்வுக் கூட்டத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மெல்லக் கற்கும் பிள்ளைக்குத்தான் கை கொடுக்க வேண்டும், சூட்டிகையான பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பது இதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், அரசுப் பள்ளியைத் தவிர வேறு கதியில்லாத பிள்ளைகளுக்கு இந்த நம்பிக்கை செய்துவரும் கேடு பெரிது. நல்லெண்ணம் உள்ளவர்களே இதைச் சொல்வதால் அந்தக் கேடு கண்ணில் படுவதில்லை.

இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக எல்லோரும் கூப்பிடுவது ராமானுஜனைத்தான். குடத்திலிட்ட விளக்கு குன்றின் மேல் ஏறிவிட்டதே என்பார்கள். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1887-இல் பிறந்தார், அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தோற்றார், 1907-இல் மறுபடியும் தோற்றார்.

அதே 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தார் சி.வி.ராமன். ராமானுஜனைவிட ஏறக்குறைய ஓராண்டு இளையவர். அவரும் காவிரிக் கரைப் பிள்ளைதான். பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறியவர். அவருடைய அப்பா கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் நடத்தியவர். எது படிக்கலாம், எங்கே சேரலாம் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. ராமானுஜனுக்கு அது வாய்க்கவில்லை. அவரை மேலே கொண்டுவந்தது திறமை மட்டும் என்று சொல்வதும் பொய். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912-இல் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது அங்கே கணிதம் தெரிந்த மேலாளர் ஒருவர் இருந்தார். 1913-இல் அனுப்பிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி பொறுமையாகப் படித்தார். இவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் நமக்கு ராமானுஜன் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இருவருமே தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு கைவரப் பெற்ற சாதியில் பிறந்தவர்கள். அந்த வாய்ப்பு இருந்தும் ஒருவர் மயிரிழையில்தான் தப்பினார் என்றால், அதே காலத்தில் வயலிலும் தறியிலும் செங்கல் சூளையிலும் நின்ற பிள்ளைகளின் கதி என்ன? தப்பி வந்தவரின் பெயர்தான் நமக்குத் தெரியும். தப்பாதவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, திறமை உள்ளவர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறோம்.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே வேகமாகக் கற்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? கிளாஸ் லீடர் பதவி கிடைக்கிறது. பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதலாம், மற்றவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம். தனக்குத் தெரிந்ததையே ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சலித்துப்போய் வாலாட்டினால் சேட்டைக்காரன் என்று பெயர். பெண்பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வாயே திறக்காது. அமைதியான பிள்ளை என்ற பாராட்டோடு அதன் கதை முடியும்.

நம் பள்ளிக் கல்வியில் இப்படிப்பட்ட பிள்ளைக்கான வழி ஒருகாலத்தில் திறந்திருந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் உயிரே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்பதுதான். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கிறது. பின்தங்கியவர்களைத் தூக்கிவிட அது அவசியமான திட்டம். ஆனால், வகுப்பு நிலையைத் தாண்டி நிற்கும் பிள்ளைக்கு அடுத்த படி அதில் இல்லை.

“ஏன், திறனறித் தேர்வுகள் இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்., ஒன்பதில் ஊரகத் திறனாய்வு, பதினொன்றில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. என்.எம்.எம்.எஸ். தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பணம் வேறு, பாடம் வேறு. தேறிய பிள்ளை திங்கட்கிழமை காலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைத்தான் கேட்கிறது. மேலும் எட்டாம் வகுப்பு வரை காத்திருந்து, யார் விண்ணப்பிக்கிறார்களோ அவர்களுக்குள் தேடுவது, ஆர்வமுள்ள ஆசிரியர் வாய்த்த பள்ளிகளில் மட்டும் தேடுவதாகவே முடியும். பயிற்சி கொடுக்க ஆளில்லாத பள்ளியில் அந்தத் தேர்வின் பெயர்கூட எட்டாமல் போகலாம்.

பரிந்துரையை நம்பித் தேடுவதற்கும் எல்லோரிடமும் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து பிராவர்ட் மாவட்டம் காட்டியது. அங்கே முன்பு ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால்தான் ஒரு பிள்ளையை மீத்திறன் வகுப்புக்குச் சோதிப்பார்கள். 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், மொழியறிவு தேவைப்படாத வடிவப் புதிர்ச் சோதனை ஒன்றை வைத்தார்கள். தேர்வான ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் பெருமளவு கூடின. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பிறகு நிதி நெருக்கடியில் அந்தச் சோதனை நின்றது. பழைய ஏற்றத்தாழ்வு திரும்பி வந்தது. இத்தனைக்கும் பிள்ளைகளின் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. பார்த்த கண்தான் மாறியது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். ‘தகுதி’, ‘திறமை’ என்ற பேச்சு இந்த மண்ணில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் தூக்கப்பட்ட ஆயுதம். பள்ளிக்குள்ளேயே கெட்டிக்காரர், மற்றவர் என்று பிரித்தால் இன்னொரு சாதியை உண்டாக்க மாட்டோமா என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தேடாமல் விடுவதால் அந்த அச்சம் நீங்குவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒலிம்பியாட் பயிற்சியும் தனி வகுப்பும் எப்படியும் கிடைத்துவிடும். அரசுப் பள்ளி தேடாதபோது இழப்பு முழுவதும் ஏழைப் பிள்ளையின் தலையில் விழுகிறது. பிராவர்டில் தனி வகுப்புக்குப் போகாத பிள்ளைகளின் கற்றல் அதனால் பாதிக்கப்படவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது இன்னொரு பிள்ளையிடமிருந்து பிடுங்குவதாக ஆக வேண்டியதில்லை.

எந்த ஒரு சோதனையையும் ஒரே வாசலாக வைக்கக் கூடாது என்பதும் உண்மை. 1921-இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் டெர்மன் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கினார். அந்தச் சோதனையில் கழித்துக் கட்டப்பட்ட வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே தேடல் மூன்றாம் வகுப்பில் ஒருமுறை, ஆறில் ஒருமுறை, எட்டில் ஒருமுறை என்று திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஒருமுறை விடுபட்ட பிள்ளைக்கு அடுத்த முறை கதவு திறக்க வேண்டும். கண்டெடுத்த பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்தவும் வேண்டாம்.

கற்பிப்பதற்குப் பெரிய மாளிகைகள் தேவையில்லை. தேர்ந்தெடுத்த சிலரை மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளிக்குக் கூட்டிப்போவது சிலருக்கு உதவும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரிக்க முடியாது. அதன் ஊர்ப் பள்ளியிலேயே வழி வேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கு முழுவதும் தெரிந்த பிள்ளை, கணக்கு வேளையில் ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரட்டும். ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே இந்தப் பிள்ளைகள் கூடட்டும், பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் வந்து பேசட்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செய்முறைகளுக்கான வானவில் மன்றம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வழியாக ஆழமான கேள்விகள் போகட்டும். ஆசிரியர் பயிற்சியில் மெல்லக் கற்போருக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை, சலிப்பில் சேட்டை செய்யும் பிள்ளையையும் வாய் திறக்காத பிள்ளையையும் அடையாளம் காண்பதற்கு ஒதுக்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரவைக்க மதிய உணவு தந்த மாநிலம் இது. பசியோடு வரும் பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும் என்று அன்று நாம் சும்மா இருக்கவில்லை. அறிவுப் பசியோடு வரும் பிள்ளையிடமும் நமக்கு அந்தக் கடமை உண்டு. வரும் கல்வியாண்டிலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரிடமும் தேடத் தொடங்குங்கள் என்று அரசைக் கேட்போம்.