ஒரே பயிர் வேண்டாம்



விளைச்சலில் முதல் பங்கு தானியத்தை நம் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்குச் செலுத்துவது வழக்கம். வரகு, கம்பு, சோளம், துவரை என்று கலந்து விளைந்த மானாவாரி நிலங்களில் இன்று பெரும்பாலும் மக்காச்சோளமும் பருத்தியும்தான். ஒரே பயிர் என்றால் புழுவுக்குப் பந்தி விரித்த மாதிரி. 2018-இல் படைப்புழு அரியலூர், பெரம்பலூர் மக்காச்சோளத்தை என்ன பாடு படுத்தியது!

மருந்தை மட்டும் நம்பினால் செலவுதான் ஏறும். கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, ஊடுபயிராக உளுந்து, வரப்போரம் தட்டைப்பயறு. வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் வழி இது. பயறு மண்ணுக்குத் தழைச்சத்து தரும், நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடம் தரும். மக்காச்சோளம் கைவிட்டாலும் கொஞ்சம் காசு மிஞ்சும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, குத்தகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். மண் கெட்டால் நட்டம் உழுகிறவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.