இருதயத்துக்கு வழி காட்டும் கம்பி!

வளைய வேண்டும், மடங்கக் கூடாது. இப்படி ஓர் உலோகம் கிடைத்தது எப்படி?

மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூடவே ஆஸ்பத்திரி பில்லும் வருகிறது. அதில் ஸ்டென்ட் என்று ஒரு வரி. பலூன் என்று ஒரு வரி. நடுவில் "கைடு ஒயர்" என்று இன்னொரு வரி!

ஸ்டென்ட் என்றால் இப்போது பலருக்குத் தெரியும். ரத்தக் குழாயை விரித்துத் தாங்கி நிற்கும் சல்லடைக் குழல் அது. ஆனால் கைடு ஒயர் என்பது என்ன? ஒரு கம்பிக்கு ஏன் தனியாகப் பணம்?

நியாயமான கேள்விதான். முதலில் அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முன்னே போகும் கம்பி

கைடு ஒயர் என்றால் வழிகாட்டிக் கம்பி. மணிக்கட்டிலோ, தொடை இடுக்கிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக டாக்டர் இருதயத்தை எட்டுகிறார். அங்கே கம்பிதான் முதலில் அடைப்பைத் தாண்டிப் போகிறது. பிறகு அந்தக் கம்பியின் மேலேயே, தண்டவாளத்தில் ரயில் போவதுபோல, பலூனும் ஸ்டென்டும் போகின்றன. வேலை முடிந்ததும் கம்பியை உருவி விடுகிறார்கள்.

இதற்கு விதை போட்டவர் ஸ்வீடன் நாட்டு எக்ஸ்ரே டாக்டர் செல்டிங்கர். ஊசியைக் குத்து, அதன் வழியே கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயை ஏற்று என்ற எளிய முறையை அவர் 1953-ல் வெளியிட்டார்.

1964-ல் அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் டாட்டர் இதே வழியில் 82 வயது மூதாட்டி ஒருவரின் கால் குழாயில் இருந்த அடைப்பை நீக்கினார். காலை வெட்டி எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டவர் அந்த மூதாட்டி. கால் பிழைத்தது! அவர் தம் சொந்தக் காலிலேயே நடந்தார்.

எவர்சில்வரின் குறை

இருதயக் குழாய்க்குள் போகும் கம்பியின் கனம் பொதுவாக 0.36 மில்லி மீட்டர். நீளமோ ஓர் ஆள் உயரத்துக்கு மேல். டாக்டரின் விரல் பின்முனையில் இருக்கிறது. வேலை நடப்பது முன்முனையில்! பின்னே திருகினால் முன்னே திரும்பவேண்டும். பின்னே தள்ளினால் முன்னே நகரவேண்டும். அதற்குக் கம்பி விறைப்பாக இருக்கவேண்டும். ஆனால் முனை விறைப்பாக இருந்தால் குழாயின் சுவரையே குத்திவிடும்.

நம் வீட்டு டம்ளர் எவர்சில்வர். கம்பிக்கு உதவும் எஃகும் அதே இனந்தான். தள்ளுவதற்கும் திருகுவதற்கும் அது நல்லது. ஆனால் ஒரு குறை. கொண்டை ஊசியை அதிகமாக வளைத்துப் பாருங்கள். மடிந்தது மடிந்ததுதான். மடிந்த கம்பியின் மேல் பலூன் ஓடாது.

கடற்படை தந்த உலோகம்

இந்தக் குறையைப் போக்கிய உலோகம் ஆஸ்பத்திரிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல! அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக் கூடத்தில், ஏவுகணையின் முனைக்கு உலோகம் தேடியவர் வில்லியம் பியூலர். நிக்கலையும் டைட்டானியத்தையும் சேர்த்து உருக்கினார்.

1961-ல் நடந்த ஒரு கூட்டத்தில், பல மடிப்பாக மடிக்கப்பட்ட அந்த உலோகத் தகட்டை அதிகாரிகள் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரை அதனருகே நீட்டினார். என்ன அதிசயம்! தகடு தானாகவே நீண்டு நேரானது. பழைய உருவம் அதற்கு நினைவிருந்தது! நிக்கல், டைட்டானியம், அந்த ஆராய்ச்சிக் கூடம் ஆகியவற்றின் பெயர்களில் இருந்து எழுத்துகளை எடுத்து "நிட்டினால்" என்று பெயர் வைத்தார்கள்.

உடம்புச் சூட்டில் நிட்டினால் ரப்பரைப்போல நடந்துகொள்ளும்படி செய்யலாம். நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை நீட்டினாலும் பழையபடி திரும்பும். எஃகினால் சுமார் ஒரு பங்குதான் முடியும். ஆகவே நிட்டினால் கம்பி எளிதில் மடிவதில்லை.

அதற்கும் குறை உண்டு. கிளைக் குழாயில் திரும்புவதற்காக டாக்டர் விரலால் முனையைச் சற்றே வளைத்து வைப்பார். நிட்டினால் அந்த வளைவைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாது. ஆகவே பல கம்பிகளில் பின்பாதி எஃகு, முன்பகுதி நிட்டினால் என்று இணைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக நுனியில் பிளாட்டினச் சுருள் சுற்றுகிறார்கள்.

நிக்கல் ஆபத்து இல்லையா?

மட்டமான தோடு போட்டால் சிலருக்குக் காது புண்ணாகிறது. பெரும்பாலும் அது நிக்கல் செய்யும் வேலை. நிட்டினாலில் பாதிக்கு மேல் நிக்கல்தான்! பிறகு எப்படி ரத்தத்தில் விடுகிறார்கள்?

மேலே டைட்டானியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் மூடிக்கொண்டு நிக்கலைக் கசியவிடாமல் தடுக்கிறது. எஃகில் இந்தக் காவல் வேலையைக் குரோமியம் செய்கிறது. கம்பி உள்ளே இருப்பதும் சிறிது நேரந்தான். ஆனால் படலம் சரியாக அமையாவிட்டால் காவல் போயிற்று. எனவே உலோகம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. மெருகும் நன்றாக இருக்கவேண்டும்.

வழுக்குவதற்காகப் பூசும் பூச்சும் அப்படியே. அது உரிந்து ரத்தத்தில் கலக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2015-ல் எச்சரித்தது.

விலை எங்கே ஏறுகிறது?

இவ்வளவு நுட்பமான கம்பிக்கு விலை இருக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு?

2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது. மருந்து பூசியதற்கு ரூ.29,600, வெறும் உலோகத்துக்கு ரூ.7,260. கம்பிக்கும் பலூனுக்கும் அப்போது உச்ச விலை வைக்கவில்லை. பில்லில் ஒரு வரி குறைந்தால் பக்கத்து வரி ஏற இடம் இருந்தது.

2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. ஓர் ஆண்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பது விதி. இது ஏற்றத்துக்குப் போட்ட கடிவாளம். முதலில் என்ன விலை போடுவது என்பதற்குக் கடிவாளம் அல்ல.

விலை அதிகமானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவருக்குப் போட்ட கம்பியைக் கழுவி இன்னொருவருக்குப் போடும் ஆசை வரும். சுருளின் இடுக்கில் பழைய ரத்தம் தங்கலாம். பூச்சு தேய்ந்திருக்கலாம். வளைந்து வளைந்து உலோகமும் களைத்திருக்கலாம்.

குடும்பத்தார் கேட்கவேண்டியவை

கம்பி புதியதா? உறையில் வட்டத்துக்குள் 2 என்று போட்டு, அதன் மேல் குறுக்குக் கோடு இருந்தால், ஒரு முறைக்குத்தான் என்று அர்த்தம்.

எத்தனை கம்பி? உறையில் போட்ட விலை என்ன? பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

தோடு, கடிகாரப் பட்டை போட்டால் தோல் தடிக்கிறதா? டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

மாரடைப்பு வந்த நேரத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அப்போது ஒவ்வொரு நிமிஷமும் உயிர். சிகிச்சை நடக்கட்டும். பில் வரும்போது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.