குறைந்ததை நிரப்பலும் மிகுந்ததை அடக்கலும்

சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் தண்ணுமையாசிரியனுக்கு இளங்கோவடிகள் வகுக்கும் தகுதிகளுள் ஒன்று நம் மாணவச் செல்வங்களின் சிந்தனைக்குரியது. பிற கருவிகளின் இசையில் குறைவு நேரின் நிரப்பவும், மிகுதி நேரின் அடக்கவும் அவன் வல்லவனாதல் வேண்டும். இன்று வீட்டிலிருந்தே பாடல் பதியும் இளைஞர்கள் ‘ஈக்வலைசர்’ கொண்டு செய்ய முயல்வதும் இதுவேயாம்.

1989இல் ஏ. ஆர். ரகுமான் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தையொட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அந்நாளில் அது பெருஞ்செலவு. இன்றோ கறம்பக்குடி மாணவனுக்கு ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதும். வசதி பெருகிற்று, செவிப்பயிற்சி பெருகிற்றா என்பதே என் ஐயம்.

ஒவ்வொரு கருவியையும் தனித்தடத்தில் பதிந்து, தனித்தனியே கேட்டு, கனமும் மினுக்கும் ஏற்றுகின்றனர். தனியே கேட்குங்கால் ஆர்மோனியம் நிறைவாகவும் தபேலா கம்பீரமாகவும் உள்ளன. எல்லாம் கூடியொலிக்கையில் பாட்டின் சொல் அமிழ்ந்துபோகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். அதில் மெய்யெழுத்துகளைப் பிரித்தறியப் பெரிதும் உதவுவது 1,000 முதல் 4,000 வரையிலான பகுதி. ஆர்மோனியம், கீபோர்டு ஆகியவற்றின் ஒலியும் அங்கேயே வந்து நெருக்குகிறது. லகர ளகர ழகர வேறுபாட்டை வகுப்பில் கற்பிக்க நாங்கள் படும் பாடு போதாதா?

ஆதலின், ஏற்றுவதினும் குறைப்பதே முறை என்பேன். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகளை நீக்கிவிடலாம். ஆர்மோனியத்தைக் குரலோடு மோதுமிடத்தில் மட்டும் மூன்று டெசிபல் தாழ்த்திப் பார்க்க. தனியே கேட்டால் அது மெலிந்து தோன்றும், தோன்றட்டும். கேட்போர் எவரும் அதனைத் தனியே கேட்கப் போவதில்லை. நம் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த கஞ்சிராவைச் சேர்ப்பதாயின், அதன் தாழ்ந்த நாதத்திற்குத் தபேலா சற்றே இடம்விட வேண்டும்.

“கருவி முழங்கினால்தானே ஐயா எடுப்பு” என்பர் இளைஞர். இசைமுரசு நாகூர் ஈ. எம். அனிபா (1925–2015) பாடல்களில் எடுப்புக்கு என்ன குறை? அங்கே கருவிகள் குரலுக்கு வழிவிட்டு நிற்கின்றன.

பதிவு முடிந்ததும் பாடலை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒலிக்கச் செய்து, கேட்டதை எழுதச் சொல்லுக. அவர் எழுதாமல் விட்ட சொற்களின்கீழ் எக்கருவி ஒலிக்கிறதோ, அதன் தடத்தையே முதலில் திருத்துக.